சந்தனவேம்பின் தெற்குக் கொப்பு

என் ராசாவுக்கு,

நீ கயிறும் கையுறையும் வாங்கக் குமுளிக்குப் போயிருக்கிறாய். ஆறு மணி பஸ்ஸில் வந்துவிடுவாய். அதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு, இன்று காலையிலும் என் கையால் இட்லி வாங்கித் தின்றவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்த எஸ்டேட் லயத்தில் பதினெட்டு வீடு. அத்தனை வீட்டுக்கும் பி.எஃப். மனு, பள்ளிக்கூட லீவு லெட்டர், ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிக்குச் சண்டைக் கடிதம் எல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான். கம்பத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு வண்டன்மேட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததில் கண்ட பலன் அது ஒன்றுதான். ஊரார் மனசில் இருந்ததையெல்லாம் எழுதிய கை, தன் மனசில் இருப்பதை எழுத இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது.

முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ சொன்னாய்: "யம்மா, திங்கக்கெழம மேல்காட்டுல நெழல் எறக்குறோம். ஓடப்பக்கத்துச் சந்தனவேம்புதான் மொத மரம். அப்பா நின்ன கொப்பு முறிஞ்ச எடம் இப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும். உள்ள அழுகி எறங்கியிருந்தா மரத்துக்கே ஆகாது." நான் "பாத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சட்டியில் குழம்பு இல்லை. அதை நீ கவனித்தாயோ என்னவோ. அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அந்த மரத்தில் முறிந்த இடம் என்று எதுவும் கிடையாது, ராசா. தெற்குப் பக்கத்துக் கொப்பு முழுசாக இருக்கிறது. வருசா வருசம் தளிர் விடுகிறது. அதைப் பார்க்க வேண்டி வரும் என்றே நான் பதினெட்டு வருசமாக அந்தப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போனால் தலையைக் குனிந்தபடி போகிறவள்.

திங்கட்கிழமை நீ ஐம்பது அடி உயரத்தில் நின்று அதைப் பார்ப்பாய். மரத்தைப் பற்றி நீ படித்திருக்கிறாய். எந்தக் கொப்பு எந்த வருசம் முறிந்தது என்று தழும்பைப் பார்த்தே சொல்கிறவன் நீ. தழும்பே இல்லை என்றால் உனக்கு ஒரு கணம் போதும், அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஏன் சொன்னார் என்று அங்கேயே நின்று யோசிப்பாய். மரத்தின் மேல் நிற்பவனுக்குத் திகைப்பு ஆகாது. அதனால் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலும் மண்ணில் இருக்கும்போதே இதைப் படித்து முடித்துவிடு. உன் தலைக்கவசத்துக்குள் மடித்து வைக்கிறேன். அதை எடுக்காமல் நீ கிளம்ப மாட்டாய் என்று சத்தியம் செய்திருக்கிறாய் அல்லவா.

உன் அப்பாவுக்கு மரம் ஏறும் வேலை எப்படிப் பிடிக்கும் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நீ விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மனிதரைத்தான். அதற்கு முன்னால் இருந்தவர் வேறு ஆள். சித்திரை மாதம் கோடை மழை இரண்டு விழுந்ததும் கொப்பு வெட்டும் வாக்கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் ஏலச்செடிக்கு மேலே நிற்கும் பெரிய மரங்களில் ஏறி வேண்டாத கொப்புகளைக் கழித்தாக வேண்டும். நிழல் கூடினால் செடி அழுகும், குறைந்தால் கருகும். எவ்வளவு வெளிச்சம் கீழே விழ வேண்டும் என்பதை அவர் மேலே நின்று கண்ணாலேயே அளப்பார். காய் எடுக்கும் நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் "டீ இருக்கா" என்பார், அவ்வளவுதான். மரம் ஏறும் மாதத்தில் மட்டும் வாய் ஓயாது. இன்றைக்கு எந்த மரம் என்ன செய்தது, எது முரண்டு பிடித்தது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். உடம்பெல்லாம் எறும்பு கடித்த தடிப்போடு உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். இந்த மனுசனுக்குப் பைத்தியமா என்று நானே கேட்டிருக்கிறேன். "அங்கன நின்னா காத்து நமக்குன்னே அடிக்கிற மாதிரி இருக்கும் புள்ள" என்றார். பிடித்த வேலை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தத் தடிப்பும் சிரிப்பும்தான் என் கண்முன் வரும். கூலி மற்றவர்களைவிட ஐம்பதோ நூறோ கூட. அதற்காக அந்த முகம் வராது.

அவருக்கு எவ்வளவு சந்தோசமோ, எனக்கு அவ்வளவு பயம். அதை நான் யாரிடமும் காட்டியதில்லை. கொப்பு கழிக்கும் நாளில் வெட்டி விழுகிற தழையைச் செடிமேல் கிடக்காமல் இழுத்துப் போடுவது பெண்களின் வேலை. ஆகவே அவர் மேலே, நான் கீழே. இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு, நீ வேறு விதமாகப் படித்திருந்தாலும் கேட்டுக்கொள். மேலே ஏறியவனைக் கீழே நிற்பவர் கூப்பிடக் கூடாது. எந்த அவசரம் என்றாலும் கூடாது. அடிமரத்தில் கத்தியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டினால் அவன் காலுக்குத் தெரியும். கையில் இருப்பதை முடித்து, காலை ஊன்றி, அவனாகக் குனிந்து பார்ப்பான். அதற்கப்புறம்தான் பேச்சு. பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும்.

அன்றைக்கு உனக்கு ஒன்பது வயசு, பள்ளிக்கூடத்தில் இருந்தாய். முதல் நாள் மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தது. அவர் அந்தச் சந்தனவேம்பின் தெற்குக் கொப்பில் நுனிப்பக்கமாக நடந்து போனார். இடுப்பில் கயிறு கட்டியிருக்கவில்லை. நுனியில் ஒரு சின்னக் கிளை குறுக்கே வளர்ந்திருந்தது, அதை எட்டி வெட்டக் குனிந்தார். கொப்பு கொஞ்சம் தாழ்ந்தது. ஆள் நிற்கும்போது கொப்பு தாழும், அது சாதாரணம், நூறு முறை பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. என் வாயிலிருந்து அவர் பேர் வந்துவிட்டது.

நான் சொல்வது உனக்குப் புரிகிறதா? கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லாப் பெண்களையும்போல "ஏங்க"தான். ரேசன் கடையில் கேட்டால் கார்டை நீட்டிக் காட்டுவேனே தவிர வாயால் சொல்ல மாட்டேன். அன்றைக்கு "ஏங்க" என்று கத்தியிருந்தால்கூட அந்தக் காட்டில் யார் வீட்டுக்காரி யாரைக் கூப்பிடுகிறாளோ என்று இருந்திருப்பார். அவர் பேரை, என் குரலில், முதல் முறையாகக் கேட்டார். என்னவோ பெரிதாக நடந்துவிட்டது என்று நினைத்திருப்பார். சடாரென்று திரும்பினார். அவ்வளவுதான். நடுவில் ஒரு கொப்பில் இடித்து, ஏலத்தட்டைகள் மேல் விழுந்தார். தட்டைகள் தாங்கியதால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு போய்விட்டது. அதற்கப்புறம் அவருக்கு மரம் இல்லை, ஸ்டோர் வாசல் ஸ்டூல்தான்.

ஜீப்பில் தூக்கிப் போடும்போது சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அந்த வலியிலும் உன் அப்பா முதலில் சொன்னது இது: "கொப்பு பட்டுப் போயிருந்துச்சு சார், முறிஞ்சிருச்சு. நாந்தேன் பாக்கல." ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். உன்னிடமும் அதையே சொன்னார். பக்கத்தில் தழை இழுத்துக்கொண்டிருந்த சுப்பக்காவுக்கு மட்டும் என் குரல் கேட்டிருந்தது. அவள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் கிணற்றடியில் என்னைப் பார்த்து, "பயந்தவ கத்தத்தேன் செய்வா. விடு தாயி" என்று மட்டும் சொன்னாள். நான் விடவில்லை. என்னால் விட முடியவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் அந்தப் பயத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். லயத்துக்குப் பின்னால் ஒரு பலா நின்றது, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அதில்தான் ஏறுவாய். ஒரு நாள் வந்து பார்த்தால் வெறும் அடிக்கட்டைதான் இருந்தது. எஸ்டேட்டில் வெட்டச் சொன்னார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டு திரிந்தாய். அவர் பாவம். அந்த மரத்தை வெட்டச் சொல்லி அவர் காலில் விழாத குறையாகக் கேட்டவள் நான். கூரைமேல் சாய்ந்துவிடும் என்று புளுகினேன். அந்த வருசம் முழுக்க அதில் காய்த்திருக்க வேண்டிய பழத்தை லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இல்லாமல் செய்தேன்.

அப்புறம் உன்னைக் காமர்ஸ் படிக்க வைத்தேன். வனம், விவசாயம் என்று நீ ஏதேதோ காலேஜ் பேரைச் சொன்னபோது, "மரத்தக் கட்டி அழுத குடும்பம் போதும்" என்று ஒரே பேச்சில் முடித்தேன். அப்போதுதான் ஸ்டோர் வாசலில் இருந்து வந்திருந்த உன் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது உன் தலையைத் தடவிவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் உனக்கு ஆபீஸ் வேலை கிடைத்ததும் லயம் முழுக்க லட்டு கொடுத்தவள் நான்தான். நாற்காலியில் இருந்து விழுந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். நாலு வருசம் நிம்மதியாகத் தூங்கினேன். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். போனில் "சாப்பிட்டியா" என்றால் "ம்", "வேலை எப்படி" என்றால் "போகுது". உன் அப்பா ஸ்டோரில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் எது கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்த "போகுது" என் காதில் விழுந்தது. விழாத மாதிரி வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா காலமான அடுத்த வருசம் உன்னைப் பார்க்க வந்தேனே, ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி வரை படுத்திருந்தாய். என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது ரோட்டோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் கரண்டுக் கம்பிக்காக மொட்டையாக வெட்டிப் போட்டிருந்தார்கள். நீ நின்றுவிட்டாய். "இப்படியாம்மா வெட்டுவாங்க. இந்த வெட்டுல தண்ணி நிக்கும். ரெண்டு மழையில உள்ள அழுகிரும். கணுவ ஒட்டிச் சாச்சு வெட்டியிருந்தா அதுவா மூடிக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே போனாய். அன்று முழுக்க நீ பேசியதைக் கூட்டினாலும் அந்தப் பேச்சு அளவுக்கு வராது. உன் முகம் எனக்குத் தெரிந்த முகமாக மாறியது. "பஸ்ஸு வந்துரும், வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு ஒரு வருசம் மிச்சமாகியிருக்கும்.

பிறகு நீயே வேலையை விட்டாய், எங்கோ போய்க் கயிறு கட்டி மரம் ஏறும் பயிற்சி எடுத்தாய், போன வைகாசியில் ஒரு மூட்டைக் கொக்கியும் கயிறுமாக வந்து இறங்கினாய். நான் பத்து நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த ஒரு வருசமாக நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் நீ வேலை செய்கிற இடத்துக்கு வரவில்லை. படித்த பிள்ளை மரம் ஏறுவது எனக்கு வெட்கம் என்று நினைக்கிறாய். போன வாரம் உன் கூட்டாளியிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், ஜன்னல் வழியாகக் கேட்டது. வெட்கமெல்லாம் இல்லை, ராசா. எறும்புக் கடியோடு நீ வந்து உட்கார்ந்து சிரிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது. நான் வராதது என் வாய்க்குப் பயந்து. அப்பாவைத் தள்ளியது கொப்பு அல்ல, ஈரம் அல்ல, என் பயம். அதே பயம் இன்னும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறது. நீ மேலே நிற்க, நான் கீழே நிற்க, அது மறுபடியும் எப்போது வெளியே வரும் என்று எனக்கே தெரியாது.

"இப்பல்லாம் கீழ நிக்கிறவங்க கொரல் குடுக்கணும்மா. கொப்பு விழுறதுக்கு முந்தி நான் கேப்பேன், அவங்க பதில் சொல்லணும். அதான் ரூல்" என்று நீ சொன்னாய். நல்ல ரூல்தான். இரண்டு கயிறு இருக்கிறது, ஒன்று விட்டாலும் ஒன்று பிடிக்கும் என்றாய். அதுவும் சரி. அந்த இரண்டாவது கயிறு இருந்திருந்தால் நான் கத்தியதற்கு உன் அப்பா மேலே இருந்தே நன்றாகத் திட்டியிருப்பார், நான் இன்றுவரை சிரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அறிவில் எல்லாம் புரிகிறது. விடியற்காலையில் நீ பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டால் மட்டும் அறிவு எங்கேயோ போய்விடுகிறது.

பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதம் எழுதினாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். ஆகவே சொல்கிறேன். பிடித்த வேலை கிடைத்தவனுக்கு அதிலேயே ஓர் ஆபத்து உண்டு, அவனுக்குப் பயம் விட்டுப் போகும். உன் அப்பா அன்று கயிறு கட்டாமல் ஏறினது சோம்பலில் அல்ல. அந்த மரம் தன்னை ஒன்றும் செய்யாது என்று நம்பினார். நீ அப்படி நம்பாதே. கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். என்னோடு சண்டை போட்ட நாளில் ஏறாதே, சண்டையை இறங்கி வந்து முடித்துவிட்டு மறுநாள் ஏறு. எப்போதாவது ஒரு நாள் காலையில் எழுந்து, இது பிடிக்கவில்லை என்று தோன்றினால், ஊர் சிரிக்கும் என்று பார்க்காமல் இறங்கி வந்துவிடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் என் பயத்துக்காக மட்டும் இறங்காதே. ஒரு மனுசனை அப்படி இறக்கிவிட்டு ஸ்டோர் வாசலில் உட்கார வைத்தது போதும்.

அவருக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று கேட்பாய். பதினைந்து வருசம் அதைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போவதற்குச் சில மாதம் முன்னால், ஸ்டோரில் காய் காய்ந்துகொண்டிருந்தது, நான் சோறு கொண்டு போயிருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எம்பேரச் சொன்னேல்ல. உன் வாயில கேக்க நல்லாத்தேன் இருந்துச்சு. இன்னொரு தடவ சொல்லேன்." நான், "சோத்தத் தின்னுங்க, ஆறிப்போகுது" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். நான் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை நான் வருகிறேன். நீ என்மேல் கோபமாக இருந்தாலும் வருகிறேன். பேசாவிட்டால் பரவாயில்லை, கயிறு இரண்டையும் கட்டிக்கொள். ஓடைக்கு இந்தப் பக்கம், நீ காட்டுகிற இடத்தில் நிற்பேன். குரல் கொடுப்பதெல்லாம் உன் கூட்டாளிகள் செய்யட்டும். நீ அந்த மரத்தில் கால் வைக்கும்போது நான் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொள்வேன். என்ன நடந்தாலும், கொப்பு எவ்வளவு தாழ்ந்தாலும், அது வாயில்தான் இருக்கும். நீ இறங்கி வந்து, இரண்டு காலும் மண்ணில் பட்டு, இடுப்புக் கயிற்றை அவிழ்த்த பிறகு அதை விழுங்குவேன். விழுங்கிவிட்டு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அதற்கப்புறம் அந்த மரத்தடியில் நின்று அவர் பேரையும் ஒரு தடவை சொல்லுவேன்.

உன் அம்மா